ஏழாம் நம்பர் பட்டறை

தர்மராஜு பொய் சொல்லத் தெரியாத ஆளு. அதனாலதான் இவ்வளவு வெனையும் வந்துச்சு.

கணக்கெடுக்க வந்த தம்பி பேரு அஜித்குமாரு. இருவத்தஞ்சு வயசுக்கு மேல இருக்காது. எந்தூரு தம்பின்னு தர்மராஜு சம்சாரம் புஷ்பவல்லி கேட்டதுக்கு மெட்ராசுப் பக்கம்னான். கழுத்துல அட்டை, கையில டேப்பு, தலையில நனைச்ச கர்சீப்பு. குன்னத்துக்குக் கெழக்க கல்லேரியில சுண்ணாம்புக்கல்லு தோண்டப்போறாங்க, ஊர்ல இருக்கிற நாப்பத்திரண்டு வூடும் காலி பண்ணணும், எந்த வூட்டுக்காரன் என்ன வெச்சிருக்கான்னு எழுதிட்டுப் போவ வந்திருந்தான். புஷ்பவல்லி அவனுக்கு ஒரு சொம்பு மோரக் குடுத்துட்டு, ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிட்டா. அவ இருந்திருக்கணும்.

அஜித்குமாரு வூட்டு வாசல்ல நின்னுக்கிட்டே, மேக்கால நீளமா நின்ன கொட்டாயக் கையக் காட்டி, "அது என்னங்க?"ன்னான்.

"அது பட்டறைங்க."

"உங்களுதா?"

"எங்களுதுதாங்க. எங்கப்பாரு கருப்பண்ணன் காலத்துலேருந்து இருக்கு."

"எத்தனை பேரு வேலை செய்யறாங்க?"

"சீசன்ல அஞ்சாறு பொம்பளைங்க வருவாங்க. மத்த நாளு நானும் எஞ்சம்சாரமுந்தான்."

"கரண்டு எடுத்திருக்கீங்களா?"

தர்மராஜுக்குச் சிரிப்பு வந்துருச்சு. "பட்டறைக்கு எதுக்குங்க கரண்டு? எல்லாம் காத்துதாங்க. காத்து நல்லா வாங்கினா பட்டறை நிக்கும்."

அந்தத் தம்பி எல்லாத்தையும் எழுதிக்கிட்டான். வாசல்லேருந்தே ஒரு போட்டா புடிச்சான். பங்குனி வெயிலு, பாவம், நாப்பதடி நடக்க அவனுக்குத் தெம்பில்ல. பட்டறைப் பக்கத்துல தேஞ்ச ஏர்க்கொழுவும், காம்பு போன மம்புட்டியும் வேற கெடந்துச்சு. கீழ ஒரு கையெழுத்துக் கேட்டான். தர்மராஜு போட்டான்.

நம்ம பக்கத்துல பட்டறைன்னா வெங்காயப் பட்டறை. பன்னெண்டு கல்ல நட்டு, கல்லு மேல கருவக் கம்ப அடுக்கி, சுத்தியும் சோளத்தட்டப் படல் கட்டி, மேல கீத்துப் போட்டு மூடுறது. அடியில ஒரு நாயி பூந்து போற அளவுக்கு எடம் விடணும், அப்பத்தான் காத்து ஏறும். மாசியில அறுத்த சின்ன வெங்காயத்தத் தாளோட உள்ள கொட்டி வெச்சா, வைகாசி மழைக்கு விதையாவும். புஷ்பவல்லி தெனம் காலையில படலுக்கு மூக்க வெச்சு ஒரு சுத்து வருவா. உள்ள ஒண்ணே ஒண்ணு அழுவினாலும் அவளுக்குத் தெரிஞ்சிரும். கைய விட்டு அத மட்டும் எடுத்து எறிஞ்சிருவா. ஒரு அழுவல் வெங்காயம் சும்மா கெடக்காது, ஒம்பது பேருக்குச் சேதி சொல்லிட்டுத்தான் சாவும்பா.

மெட்ராசுத் தம்பிக்கு இது எங்க தெரியும்? அவனுக்குத் தெரிஞ்சது இரும்படிக்கிற பட்டறை.

பங்குனி கடைசியில பஞ்சாயத்து ஆபீசு செவுத்துல லிஸ்ட் ஒட்டினாங்க. புஷ்பவல்லியோட மருமவ அனுசுயா பி.காம் படிச்சவ. அவதான் கூட்டத்துல பூந்து படிச்சா. பாதியில நிறுத்திட்டா.

"என்னடி, நம்ம பேரு இல்லியா?"

"இருக்கு அத்தை. ஏழாம் நம்பரு. தர்மராஜ், தகப்பனார் கருப்பண்ணன். தொழில்..." அனுசுயா மாமனாரத் திரும்பிப் பாத்தா. "தொழில், இரும்புப் பட்டறை. கைத்துருத்தி. ஒதுக்கீடு, கடை எண் ஏழு."

"மத்தவங்களுக்கு?"

"விவசாயம். மாற்று நிலம் ஒரு ஏக்கர்."

பக்கத்து வூட்டுப் பூங்காவனம் மொதல்ல வாயப் பொத்திக்கிட்டா. அப்புறம் முடியல. "ஏ புஷ்பா, என் கருக்கருவா மொன்னையாக் கெடக்குடி. ஒம்புருஷன் அடிச்சுத் தருவாரா, இல்ல இன்னும் அடுப்பு பத்தவெக்கலியா?"

ஊரே சிரிச்சுது. தர்மராஜும் கூடச் சேந்து சிரிச்சான். புஷ்பவல்லி மட்டும் அவன மொறைச்சா.

சிரிக்கிற விசயமா அது? அவங்க பாடுபடுற ரெண்டரை ஏக்கரும் கோயில் நெலம். குத்தகை ரசீது பூராவும் செத்துப்போன கருப்பண்ணன் பேர்ல கெடக்கு. பட்டா கெடயாது, சிட்டா கெடயாது. அந்தத் தம்பி எழுதின ஒரு வரிதான் எல்லாமே. அந்த வரியில விவசாயின்னு இருந்தா ஒரு ஏக்கர் மண்ணு. இல்லன்னா சட்டர் போட்ட ஒரு ரூமு.

மறுநாளே புருஷனயும் மருமவளயும் இழுத்துக்கிட்டுக் குன்னத்துக்கு பஸ் ஏறினா. வாடகைக் கட்டடத்துல திட்ட ஆபீசு போட்டிருந்தாங்க. பெரிய ஆபீசர் மரியாதையாத்தான் பேசினாரு. அஜித்குமாரு பக்கத்து மேசையில குனிஞ்ச தலை நிமிரல.

"உங்க வூட்டுக்காரரே வாயால சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்காரேம்மா. நான் எப்படி மாத்துறது?"

"சார், அது வெங்காயம் போட்டு வெக்கிற பட்டறைங்க. ஒரு நட வந்து பாருங்க."

"நாப்பத்திரண்டு வூட்டுக்கும் நான் வர முடியுமா? விவசாயம் பண்றோம்னு எழுத்துல ஏதாவது இருந்தாக் கொண்டாங்க. சீல் வெச்சது, கையெழுத்துப் போட்டது. பாக்கறேன்."

புஷ்பவல்லி கைய நீட்டினா. "மோந்து பாருங்க சார். இருவத்தஞ்சு வருசமா சோப்புப் போட்டும் போவாத வெங்காய வாசம். இது எழுத்து இல்லியா?"

"வாசத்த ஃபைல்ல வெக்க முடியாதும்மா."

பஸ்ஸுல வர்றப்ப தர்மராஜு மெதுவாப் பேச்செடுத்தான். "கடையும் ஒண்ணும் கெட்டதில்ல புள்ள. நெழல்ல ஒக்காரலாம். எத்தினி வருசம் வெயில்ல காயிறது?"

"எதுல ஒக்காருவீங்க? துருத்தியிலயா?"

முன்சீட்டுக் கெழவர் திரும்பிப் பாத்தாரு. தர்மராஜு சன்னல் பக்கம் மொவத்தத் திருப்பிக்கிட்டான்.

திருப்பூர் பனியன் கம்பெனியில இருக்கிற மவன் ராஜராஜன் போன்ல கூப்பிட்டான். அனுசுயா ஸ்பீக்கர்ல போட்டா.

"அம்மா, கடைய வாங்கிப் போட்டு வாடகைக்கு வுடு. வெங்காயம் வெலை போவலன்னு ரோட்டுல கொட்டினத நீ மறந்துட்டியா?"

"மறக்கல. நாந்தான கொட்டினேன். மறு வருசம் ஊனினதும் நாந்தான். உங்க கம்பெனியில உன்ன மூணு மாசம் ஒக்கார வெச்சானே, நீ தையல் தெரியாதவனாயிட்டியா?"

"அது வேறம்மா."

"எது வேற? எந்தொழில் என்னன்னு நான் சொல்லணுமா, வெயிலுக்குப் பயந்து வாசல்ல நின்னவன் சொல்லணுமா?"

"சரி, அனுசுயாகிட்ட குடு"ன்னான். அனுசுயா போன வாங்கிக்கிட்டு, "அத்தை சொல்றது சரிதாங்க"ன்னு வெச்சிட்டா.

சித்திரை முடியறதுக்குள்ள காலி பண்ணச் சொல்லியாச்சு. ஊரு பூரா பிரிக்கிற சத்தம். ஓடு எறக்குறவன், சன்னலப் பேக்குறவன், மோட்டாரக் கழட்டுறவன். கோழிங்க எந்த வூடு எதுன்னு தெரியாம சுத்துச்சு. அனுசுயா பாத்திரத்தப் பழைய சேலையில மூட்டை கட்டி, மேல பேனாவால எழுதி வெச்சா. மொளகாத் தூளு, புளி, மோர் மொளகா எல்லாத்துக்கும் தனித் தூக்கு. தர்மராஜு கதவக் கழட்டிட்டு, கதவில்லாத வாசல்ல ஒக்காந்து கம்பங்கூழு குடிச்சான். ஒரு வாய்க் கூழு, ஒரு கடி வெங்காயம்.

"பட்டறைய என்ன பண்றது?"ன்னு அவந்தான் கேட்டான். "யாவாரிகிட்டத் தள்ளிருவமா? விதை வெங்காயத்த வெச்சிக்கிட்டு, நெலமில்லாம என்னத்தப் பண்றது?"

புஷ்பவல்லி படலுக்கு மூக்க வெச்சு நின்னுக்கிட்டிருந்தா. திரும்பாமயே சொன்னா. "பட்டறையும் வருது."

"எங்க?"

"ஏழாம் நம்பர் கடைக்கி. பட்டறைக்காரன்னுதான எழுதியிருக்கான்? பட்டறை இல்லாமப் போனா நீங்க பொய் சொன்னதா ஆயிராதா?"

தர்மராஜு கூழுச் சட்டியக் கீழ வெச்சான். "அந்தப் பன்னெண்டு கல்லுமா?"

"பன்னெண்டும்."

"ரஞ்சன்குடிக் கோட்டையக் கட்டினவன்கூட இப்படிக் கல்லக் கட்டிக்கிட்டு அழுதிருக்க மாட்டான் புள்ள."

"அவனுக்கு எங்க வெங்காயம் இருந்துச்சு?"

வைகாசி பொறக்க நாலு நாளு இருக்கறப்ப பட்டறையத் தெறந்தாங்க. விடிஞ்சும் விடியாத நேரம். பட்டறை தெறக்கிறவங்க வெறும் வயித்தோட நிக்கக்கூடாதுன்னு ஒரு வழக்கம். அதனால எல்லாருக்கும் மொதல்ல சோளச்சோறும் கருவாட்டுக் கொழம்பும். இன்னொண்ணு, பட்டறை தெறந்த வூட்டுக்கு அன்னைக்கு யாரு வந்தாலும் ரெண்டு கை வெங்காயம் அள்ளிக் குடுக்கணும். வெறுங்கையோட அனுப்பக்கூடாது. எதிராளியா இருந்தாலும் சரி.

டிராக்டர் நல்லதம்பிது. வந்ததும் தலையில கைய வெச்சான். "யக்கா, மூட்டையில கட்டினா ஒரே நடையில முடிச்சிரலாம். இப்படி வைக்கோலப் பரப்பி, பூவு மாதிரி அடுக்கச் சொன்னா நாலு நட ஆவும்."

"மூட்டையில கட்டினா உள்ள வெந்துரும்டா. ஏழு மைலு, கத்திரி வெயிலு. நாலு நடயே ஓட்டு."

"வெங்காயத்துக்கு இவ்வளவு சொகுசு. எம்பொண்டாட்டிய இந்த டிராக்டர்ல ஒரு நாளு இப்படி ஏத்திருப்பனா?"

"ஏத்திப் பாரு, வைகாசியில அவளும் துளுத்து வருவா"ன்னா பூங்காவனம். அவ வூட்டுச் சாமான் நேத்தே போயிருச்சு. ஆனா இங்க வந்து கூடை தூக்குறா. கருக்கருவான்னு கேலி பண்ணினவதான். அதப் பத்தி அவளும் பேசல, இவளும் பேசல.

கல்லப் பேத்தப்ப ஒவ்வொண்ணுலயும் நத்தை மாதிரி சுருட்டிக்கிட்டு ஒரு தடம். ஒரு காலத்துல கடலா இருந்த எடமாம், அந்த ஊருக் கல்லு பூரா அப்படித்தான் இருக்கும். ஒண்ணொண்ணா எண்ணி ஏத்தினா புஷ்பவல்லி. பதினொண்ணுதான் வந்திருக்குன்னு திருப்பி அனுப்பினா. தர்மராஜு முணுமுணுத்துக்கிட்டே போயி பன்னெண்டாவதத் தோள்ல வெச்சிக்கிட்டு வந்தான்.

புதுக் காலனி மெயின்ரோட்டோரம். நீலப் பெயிண்டு அடிச்ச வூடுங்க, வரிசையா ஒரே அச்சு. முன்னாடி பத்துக் கடை. நடுவுல கம்பி வேலி போட்ட அரை ஏக்கரு. அதுல ஒரு போர்டு. அனுசுயா படிச்சா: "பூங்கா இடம்."

"பாத்தியா, எம்பேர்ல எடம் ஒதுக்கியிருக்கான்"ன்னா பூங்காவனம்.

ஏழாம் நம்பர் கடை முன்னாடி கல்ல நடறப்ப காலனி வாச்மேன் ஓடியாந்தாரு. "யம்மா, யம்மா! கடை முன்னாடி கொட்டாய் போடக்கூடாது."

"கொட்டாய் இல்லங்க. பட்டறை."

"என்ன பட்டறை?"

"லிஸ்ட எடுத்துப் பாருங்க. ஏழாம் நம்பரு. தர்மராஜ், பட்டறை. கவருமெண்டு எழுதினத நான் மாத்த முடியுமா?"

அவரு போயி லிஸ்டப் பாத்தாரு. திரும்பி வந்து, கட்டியிருந்த பாதிப் பட்டறையப் பாத்தாரு. தலையச் சொறிஞ்சாரு. புஷ்பவல்லி ரெண்டு கை வெங்காயத்த அவரு துண்டுல போட்டா. அவரு போயிட்டாரு.

சாயங்காலத்துக்குள்ள பட்டறை நின்னுச்சு. நீல பெயிண்டுக்கும் சட்டருக்கும் முன்னாடி, சோளத்தட்டயும் கீத்துமா. ரோட்டுல போற பஸ்ஸெல்லாம் திரும்பிப் பாத்துட்டுப் போச்சு. அடியில மொத ஆளாப் பூந்து படுத்துச்சு, கூடவே ஓடி வந்த கல்லேரி நாயி.

வைகாசி எட்டாந்தேதி மழை. ராவும் பகலும் இல்ல, ஒரு மத்தியானம் ரெண்டு மணி நேரம் கொட்டிட்டு நின்னுச்சு. அது போதும். மறுநாள் காலையில புஷ்பவல்லி படலுக்கு மூக்க வெச்சா. அழுவல் இல்ல. கைய விட்டு ஒண்ண எடுத்தா. நுனியில பச்சையா நாக்கு நீட்டியிருந்துச்சு.

நெலம் கெடச்சவங்க ஏர் ஓட்டிட்டாங்க. இவ மூணு மனு குடுத்திருக்கா. மூணுக்கும் பதில் வரல. வெங்காயம் அதையெல்லாம் கேக்குமா?

வாசல்ல வந்து நின்னு அங்கயும் இங்கயும் பாத்தா. மருமவளக் கூப்பிட்டா. "அனுசுயா, அந்த அரை ஏக்கரு எதுக்குன்னு போட்டிருக்கான்?"

"பூங்கா அத்தை. செடி கொடி வளக்க."

"வெங்காயம் செடியா, கொடியா?"

அனுசுயா கொஞ்சம் யோசிச்சா. அப்புறம் பல்லு தெரியச் சிரிச்சா. "செடிதான் அத்தை."

தர்மராஜு அப்பத்தான் டீ குடிச்சிக்கிட்டிருந்தான். புஷ்பவல்லி மம்புட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தா. பத்தடி போனதும் பின்னாடி செருப்புச் சத்தம். தர்மராஜு மம்புட்டிய அவ தோள்லேருந்து உருவிக்கிட்டான். "பாத்தி நான் போடறேன். நீ போடற பாத்தி கோணலா இருக்கும்"ன்னான். இருவத்தஞ்சு வருசமா அவ போட்ட பாத்திதான். இன்னைக்குத்தான் கோணலாயிருச்சாம்.

வாச்மேன் மறுபடி ஓடியாந்தாரு. "இது பூங்காம்மா!"

"பூங்காதாங்க. எழுவது நாளு பொறுங்க, பூக்குதா இல்லியான்னு பாருங்க."

"எடம் எம்பேர்ல இருக்கு. நான் உத்தரவு குடுத்திட்டேன்"ன்னு பூங்காவனம் முந்தானையச் சொருவிக்கிட்டு உள்ள எறங்கினா. அவ பின்னாடி இன்னும் மூணு பொம்பளைங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அரை ஏக்கரும் ஊனியாச்சு. கரிசலு இல்ல, செம்மண்ணு. புஷ்பவல்லி ஒரு புடி எடுத்துப் பெசஞ்சு பாத்தா. "மோசமில்ல"ன்னா.

பதினோரு நாளு கழிச்சு, வெங்காயம் வெரக்கடை ஒசரம் நிக்கறப்ப, பைக்ல வந்து எறங்கினான் அஜித்குமாரு. நோட்டீசு. புஷ்பவல்லி களை கொத்திக்கிட்டிருந்தா. எந்திரிக்கல. அவன் செருப்பக் கழட்டிட்டு வரப்பு மேல நடந்து உள்ளாரயே வந்தான். பாத்திக்கிட்டக் குத்த வெச்சு, ஒரு தாள வெரலால தொட்டுப் பாத்தான். அப்புறம் பேப்பர நீட்டினான்.

"அனுசுயா, வா. படி."

அனுசுயா படிச்சா. "பொதுப் பயன்பாட்டுக்கான பூங்கா இடத்தை ஆக்கிரமித்து, சின்ன வெங்காயம் பயிரிட்டு விவசாயம் செய்துவரும் திருமதி புஷ்பவல்லி, கணவர் பெயர் தர்மராஜ், என்பவர் ஏழு நாட்களுக்குள்..."

"நில்லு. அந்த எடத்த இன்னொரு தரம் படி."

"ஆக்கிரமித்து..."

"அதில்லடி. அதுக்கு அங்கிட்டு."

அனுசுயா பேப்பரக் கிட்ட வெச்சுப் பாத்தா. "சின்ன வெங்காயம் பயிரிட்டு... விவசாயம் செய்துவரும் திருமதி புஷ்பவல்லி."

"சீல் இருக்கா?"

"இருக்கு அத்தை. ரவுண்டா, வயலட்டு."

"கையெழுத்து?"

"பெரிய ஆபீசரே போட்டிருக்காரு."

புஷ்பவல்லி களைக்கொத்தக் கீழ போட்டா. எந்திரிச்சு நின்னு, சேலையில கையத் தொடச்சா. "என்னங்க, இங்க வாங்க! எழுதிட்டாங்க! விவசாயம்னு சீல் வெச்சு எழுதிட்டாங்க!"

தர்மராஜு ஓடி வந்தான். பேப்பரத் தலகீழாப் புடிச்சு, அப்புறம் நேராப் புடிச்சு, அந்த வரிய எழுத்துக்கூட்டிப் படிச்சான். புஷ்பவல்லி அஜித்குமாரப் பாத்தா.

"இத எழுதினது யாரு தம்பி?"

"நாந்தாங்க."

"போன தடவையும் நீதான?"

அவன் மண்ணப் பாத்தான். "போன தடவ வாசல்லயே நின்னுட்டேங்க. இந்தத் தடவ நீங்க இல்லாதப்ப வந்து, கிட்ட நின்னு பாத்துட்டுத்தான் எழுதினேன்."

புஷ்பவல்லி கைய நீட்டினா. "இன்னொரு காப்பி குடு. ஒண்ணு மனுவோட வெக்க, ஒண்ணு கண்ணாடி போட்டு மாட்ட. திங்கக்கெழமை பெரம்பலூர்ல கலெக்டரே மனு வாங்குவாராமே. நேராக் கொண்டுபோயி மேசையில வெக்கறேன்."

அவன் பையிலேருந்து இன்னொண்ண எடுத்தான். கூடவே தயாரா வெச்சிருந்தான். அவ கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டு, பட்டறையில மிச்சமிருந்த வெங்காயத்துல ரெண்டு கை அள்ளி அவன் கர்சீப்புல கட்டினா. வேணாங்கன்னான். "பட்டறைக்கி வந்துட்டு வெறுங்கையோட போவக்கூடாது"ன்னுட்டா.

பைக் ரோட்டுல ஏறினதுக்கப்புறம் தர்மராஜு தயங்கித் தயங்கிக் கேட்டான். "ஏன் புள்ள, ஏழு நாளுக்குள்ள இத எடுக்கணும்னு போட்டிருக்கே?"

புஷ்பவல்லி மறுபடி பாத்தியில குந்திட்டா. களைக்கொத்தத் தேடி எடுத்தா.

"அவங்களுக்கு ஏழு நாளு. வெங்காயத்துக்கு எழுவது நாளு. வேணும்னா வந்து வெங்காயத்துக்கிட்ட நோட்டீசு குடுத்துப் பாக்கட்டும். நீங்க அந்தக் கடைசிப் பாத்திக்குக் கொழாத் தண்ணியத் திருப்புங்க."